விட்டுரும்மா

கறவை மாடு சிலுப்பி வாளியை எட்டி உதைத்தது. அடியில் கிடந்த கையளவு பால் வைக்கோலில் ஓடி மறைந்தது. அவள் முக்காலியோடு பின்னால் சாய்ந்து, சுவரில் தலையை இடித்துக்கொண்டு, அப்படியே உட்கார்ந்திருந்தாள். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றது. மடி கல்லாக இறுகிக் கிடந்தது. உள்ளே பால் இருக்கிறது, அடக்கிக்கொண்டு நிற்கிறது. யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். அந்த ஆள் இனி வரமாட்டான் என்பதை மாட்டுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அவள் கணவன் இறந்தது இதே கொட்டகையில்தான், கறந்துகொண்டிருந்தபோது, நெஞ்சுவலியில். அவள் வாய்க்காலோரம் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பால் வண்டிக்காரர் வந்து பார்த்த பிறகுதான் விஷயமே வெளியில் தெரிந்தது. அடக்கம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் கிளம்பிப் போனது. துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் திரும்பிப் போக வீடு இருந்தது. வாயில்லா ஜீவன்களுக்குத் துக்கம் பார்த்தா பசிக்கிறது? ஆடுகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு அடுத்தவன் கொல்லையில் மேய்ந்தன. கீரி வந்து கோழியைத் தூக்கிப் போனது. புல் வெட்டும் இயந்திரம் பாதி அறுத்து மீதியை மென்றுகொண்டு நின்றுபோனது. அவள் வேலியைக் கட்டினாள், கோழிக்கூண்டுக்குப் புதுக் கம்பி அடித்தாள், இயந்திரத்தைத் திட்டியே ஓடவைத்தாள். சிலுப்பி ஒன்றுதான் வழிக்கு வரவில்லை. மற்ற இரண்டு மாடும் சினை. இது கறந்தால்தான் அடுப்பு எரியும்.

எல்லாத்தையும் வித்துட்டு எங்கூட வந்துரு என்று அக்கா போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமாவை என்ன செய்வது என்று கேட்டால் மட்டும் அக்காவுக்கு அந்தப் பக்கம் சரியாகக் காது கேட்காது. மாமா என்றால் மாமனார். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கொட்டகைச் சுவரை ஒட்டிய அறையில் படுத்தே கிடப்பவர். கட்டில் பக்கத்தில், பிடித்துக்கொண்டு நடப்பதற்கான நடைச்சட்டம் ஒன்று தூசி படிந்து நிற்கும். மகன் போன பிறகு அவர் வாயிலிருந்து ஒரு சொல்கூட வரவில்லை.

மாட்டு டாக்டர் வந்து மடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "சூடு ஏறுதும்மா. இப்படியே அடக்கிக்கிட்டா மடிநோய் வந்து கறவையே போயிடும். ஊசி போட்டு எத்தனை நாளைக்கு இறக்குறது? ஆடுற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டப் பாடிக் கறக்கணும். உங்க வீட்டுக்காரரு கறக்கையில என்ன பண்ணுவாரு?"

அவன் ஆடவும் மாட்டான், பாடவும் மாட்டான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருந்த மனிதன். ஆனால் கறக்க உட்கார்ந்தால் மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, தொண்டைக்குள்ளிருந்து தணிவாகச் சொல்வான்: "விட்டுரும்மா... விட்டுரு." அந்தக் குரலுக்காக அவள் எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறாள், என்கிட்ட ஒருநாளாவது இப்படிப் பேசியிருக்கீங்களா என்று. நீ எதையும் அடக்கி வச்சதே இல்லையே என்பான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை அத்தோடு போகும்.

மறுநாள் காலை, ஆணியில் தொங்கிய அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் துவைக்காத சட்டை. கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டாள். முக்காலியில் உட்கார்ந்து, சிலுப்பியின் விலாவில் நெற்றியை வைத்து, வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சொன்னாள். "விட்டுரும்மா." முதலில் அது பெண்குரல்தான். இன்னும் கீழே இறக்கினாள். நாலைந்து தடவைக்குப் பிறகு தொண்டையில் எங்கோ ஓரிடத்தில் அவன் அகப்பட்டான். மாட்டின் உடம்பு தளர்ந்தது. காம்பு விரலுக்குள் நிறைந்தது. வாளியில் பால் விழும் சத்தத்தைக் கேட்டு அவள் அழுதாள், சிரித்தாள், கையை மட்டும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து கறக்கும் வேளைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். பாலுக்காக மட்டும் இல்லை, அது அவளுக்கே தெரியும். ஒவ்வொரு வேளையும் குரல் தேறிக்கொண்டு வந்தது. ஆடுகள் காதை நிமிர்த்தின. முடங்கிக் கிடந்த நாய் ஓடி வந்து கொட்டகையைச் சுற்றி மோப்பம் பிடித்தது, அவளை ஏறெடுத்துப் பார்த்தது, முனகிக்கொண்டு திரும்பிப் போனது. ஒரு காலையில் அவள் இன்னும் வாயே திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொல் காதில் விழுந்தது. தான்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று தேற்றிக்கொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது. அவள் அந்தக் குரலில் பேசும்போதெல்லாம் சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து தட்டும் சத்தம் வந்தது. மாமாதான். செத்தவன் சட்டையை மாட்டிக்கொண்டு இவள் கூத்தடிக்கிறாள் என்று கோபம் போல. கோபப்படாமல் என்ன செய்வார் என்று நினைத்தாள். நினைத்தாலும் மனசு உறுத்தியது. சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது கேட்டேவிட்டாள், இப்படிக் கறப்பது பிடிக்கவில்லையா மாமா என்று. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்து கதவு வரை போன பிறகுதான் பேசினார்.

"அவன் போன அன்னைக்கும் இதையேதாம்மா சொல்லிக்கிட்டிருந்தான். விட்டுரு, விட்டுருன்னு. வழக்கத்துக்கு மேலயே சொன்னான். மாடு அடம்பிடிக்குது போலன்னு நினைச்சுக்கிட்டுப் படுத்துக் கிடந்தேன்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியா ஒரு தடவை 'ப்பா'ன்னான். அதையும் 'ம்மா'ன்னுதான் காதுல வாங்கிக்கிட்டேன். மாட்டத்தானே அப்படிக் கூப்பிடுவான்." கிழவர் சுவரில் கையை வைத்தார். "நான் தட்டுறது உன்னைத் திட்ட இல்லம்மா. கேக்குதுடான்னு அவனுக்குச் சொல்றதுக்கு."

வலியைப் பார்த்து விட்டுரு விட்டுரு என்று கெஞ்சியிருக்கிறான், ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் பெற்றவர் படுத்திருக்க. இத்தனை நாளும் அந்தக் குரலைத்தான் இவள் காலையும் மாலையும் அவர் காதுக்குள் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். இனிமேல் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

அன்று மாலை வாயைத் திறக்காமல் கறக்க உட்கார்ந்தாள். தடவிக் கொடுத்தாள், அதன் கன்றை முட்டவிட்டாள், வெந்நீர்த் துணியால் ஒற்றினாள். சிலுப்பி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒரு சொட்டு இறங்கவில்லை. விடிந்து வந்து பார்த்தபோது மடி கொதித்தது. ஒரு காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மாடு காலை அகட்டி வைத்து, வலியில் பற்களை நறநறவென்று கடித்தது. மாட்டைப் பார்த்தால் கிழவர் நோகிறார், கிழவரைப் பார்த்தால் மாடு நோகிறது. மாடு போனால் இந்த இடம் போகும், இடம் போனால் அக்கா வீட்டில் கிழவருக்குக் கட்டில் போட மூலை இல்லை. யாரை யாருக்காகக் காப்பாற்றுவது என்று அவளுக்குத் தலை சுற்றியது. வீட்டுக்குள் போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

முணுமுணுப்பாகச் சொல்லிப் பார்த்தாள், சுவரைத் தாண்டாத அளவுக்கு. மாடு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். கடைசியில் அவன் சொல்கிற அளவிலேயே சொன்னாள். "விட்டுரும்மா... விட்டுரு." சிலுப்பி நீளமாக மூச்சுவிட்டது. பால் இறங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தட்டும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

தட்டவில்லை. ஏதோ கீழே விழுந்தது. பிறகு ஒரு இழுப்பு. நிறுத்தம். மறுபடி இழுப்பு. நடைச்சட்டத்தின் கால்கள் சிமெண்டில் உரசிக்கொண்டு வரும் சத்தம். ஓடிப்போய்த் தாங்க வேண்டும் என்று உடம்பு துடித்தது. ஆனால் இப்போது கையை எடுத்தால் மாடு மறுபடி அடக்கிக்கொள்ளும். சத்தம் நடையைக் கடந்தது, முற்றத்தைக் கடந்தது, கொட்டகை வாசலில் வந்து நின்றது. இறைக்கிற மூச்சு அவள் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"வந்துட்டேன்டா," என்றார். "இன்னைக்கு வந்துட்டேன்."

திரும்பினால் சட்டைக்குள் இருப்பது மருமகள். திரும்பாவிட்டால் அவள் யார் என்று அவளுக்கே தெரியவில்லை. பால் பீய்ச்சிக்கொண்டிருந்தது. நெற்றியை மாட்டின் விலாவில் இன்னும் அழுத்திக்கொண்டாள். தொண்டைக்குள் அவன் தயாராக இருந்தான்.

"விட்டுருப்பா," என்றாள்.

பின்னால் மூச்சு நின்று, பிறகு உடைந்து வெளியே வந்தது. ஒரு கை தடுமாறி வந்து சட்டையின் தோளைப் பற்றியது. யாருடைய தோள் என்று அந்தக் கை கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய பாரம் முழுவதும் அந்தத் தோளில் இறங்கியது. சிலுப்பி வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தலையைத் தாழ்த்தியது. வாளி நிறைந்து, நுரை விளிம்பைத் தாண்டி, வழிந்த பால் வைக்கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவளும் கையை எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.