வளைவுக் கடைப் பூச்செடிகள்

தனியாகப் போகாதே என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொண்டாள். நான் கேட்டால்தானே! மூன்றாம் நாள் மலையுச்சியைத் தொட்டாகிவிட்டது, இனி இறக்கம்தான். பனிமூட்டத்தில் சாலை பத்தடிக்கு மேல் தெரியவில்லை. வளைவோரம் இருந்த டீக்கடையில் பைக்கை நிறுத்தினேன்.

வாசல் நெடுகப் பழைய ஹெல்மெட்டுகளை மல்லாத்திப் போட்டு, மண் நிரப்பிப் பூச்செடி வளர்த்திருந்தார் கடைக்கார அம்மா. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

“இத்தனை ஹெல்மெட் எங்கம்மா வாங்கினீங்க?”

“காசு குடுத்து யாரு வாங்கறா? அடுத்த வளைவுக்குக் கீழ பள்ளத்துல கிடக்கும். பொறுக்கிட்டு வருவேன்.”

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தேன். பைக் கண்ணாடியில் மாட்டியிருந்த என் ஹெல்மெட்டை எடுத்து, உள்ளே கையை விட்டு அளந்து பார்த்தார்.

“நல்லா மண்ணு புடிக்கும் தம்பி. இதுல ரோஜாவே வெக்கலாம்.”