பதினாறாம் நாள் பறவையாட்டம்

காற்றடங்கிப் பனைகளின் நிழல் மணலில் நீண்டு கிடக்க, கரையேற்றிய வள்ளங்களின்மேல் வலைகள் காய்ந்திருக்க, தென்கடல் தாழ்ந்த குரலில் இரைந்துகொண்டிருந்த ஒரு மாலையில், புதுமடத்துக் கடற்கரையில் 'இருகரை ஆடரங்கு' என்னும் கூத்துக்குழுவினர் ஒன்பதின்மர் வட்டமாய் நின்றனர். அறிவுடையீர், எவ்வூரிலும் எளிதில் காணக் கிடையாத குழு அது. நயினார்கோவில் உழவர்குடியில் பிறந்து ஒயிலாட்டத்தில் தேர்ந்த வேல்சாமியும், புதுமடத்து இசுலாமியக் குடும்பத்தில் பிறந்து நாடகம் எழுதும் சாலிஹாவும் அதனைத் தொடங்கினர். ஆத்திரேலியப் பெருநிலத்தின் மேலைக்கரைத் தொல்குடியில் பிறந்த அக்காளும் தங்கையும் கடல் கடந்து வந்து அவர்களோடு சேர்ந்தனர். தன் குடிக்கே உரிய கடற்பறவை ஆட்டத்தை, வீட்டாரின் ஒப்புதல் பெற்று, அக்காள் வேல்சாமிக்குக் கற்பித்தாள். தை மாதம் அரங்கேறவிருந்த நாடகம் முழுதும் அவ்வாட்டத்தைச் சுற்றியே எழுதப்பட்டிருந்தது.

மருத்துவத்திற்காகத் தாயகம் சென்ற அக்காள் அங்கேயே இறந்தாள். அவர்கள் குடியில் அடக்கம் செய்ய நெடுநாள் ஆகுமாதலால், தங்கை ரூத் பயண நாளை எதிர்நோக்கிச் சாலிஹாவின் வீட்டிலேயே இருந்தாள். அழவும் இல்லை, அக்காளின் பெயரைச் சொல்லவும் இல்லை. அதைக் கண்டு குழுவினர் கலங்கினர்.

"அழுகாத துக்கம் ஆளைத் தின்னுரும் தங்கச்சி," என்றார் வேல்சாமி. "பதினாறாம் நாளு கடக்கரையில பேரச் சொல்லிப் பாடி, அவுக ஆட்டத்தையே ஆடுவோம். மனசு விட்டு அழுதுரட்டும்."

"செய்வோம்ணே," என்றாள் சாலிஹா. "அந்தப் புள்ள தவிக்கிறதப் பாக்க முடியல."

ஆகவே அம்மாலையில் ரூத்தைக் கைப்பிடித்து அழைத்துவந்து வள்ளத்தின் விளிம்பில் அமர்த்தினர். தவில் முழங்கியது. வேல்சாமி இறந்தவளின் பெயரை மும்முறை விளித்து ஒப்பாரி எடுத்தார். கைகளைச் சிறகாய் விரித்து ஆடினார். ரூத் அலறினாள். இழந்தவர் அலறினால் பாடுகிறவர் குரலை உயர்த்தவேண்டும் என்பது நம் சீமையின் வழக்கம். அவரும் உயர்த்தினார். அவள் மேலும் அலற, அப்பாடா அழுதுவிட்டாள் என்று கண்ணீர் வழிய இன்னும் ஓங்கிப் பாடினார். மற்ற எண்மரும் அப்பெயரைத் திருப்பிச் சொன்னார்கள்.

ரூத் காதுகளைப் பொத்திக்கொண்டிருப்பதைச் சாலிஹாதான் முதலில் கண்டாள். மாரடித்து அழுவோரை அவள் அறிவாள். காதைப் பொத்தி அழுவோரை அறியாள். முதல் ஒத்திகையில் அக்காள் சொன்னது அப்போதுதான் நினைவில் எழுந்தது: "எங்களில் ஒருவர் இறந்தால் அவர் பெயரும் ஆட்டமும் உறங்கும். வீட்டார் எழுப்பும்வரை யாரும் தொடக்கூடாது." எத்தனை அழகான வரி என்று மகிழ்ந்து, சாலிஹா அதை நாடகத்தின் இறுதிக் காட்சியில் எழுதி வைத்திருந்தாள். தமக்கிட்ட கட்டளை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நிறுத்துங்கண்ணே! யா அல்லா, நிறுத்துங்க!"

சாலிஹா அவ்வரியை நினைவூட்ட, செய்தது இன்னதென்று அறிந்ததும் வேல்சாமி மணலில் அமர்ந்துவிட்டார். "தெரியாமப் பண்ணிட்டேன்த்தா. பாடுனத எப்பிடித் திருப்பி எடுப்பேன்?"

ரூத் கற்ற தமிழில் மெல்லச் சொன்னாள்: "உங்கள் அன்பு எனக்குத் தெரியும் அண்ணா. ஆனால் மன்னிக்கும் உரிமை எனக்கு இல்லை. வீட்டாரிடம் நான் சொல்லித்தான் ஆகவேண்டும்."

மூன்றாம் நாள் அவள் புறப்பட்டாள். குழுவினர் எழுதிய மடல்களுக்கு மறுமொழி வரவில்லை. தை வந்தது, நாடகம் அரங்கேறவில்லை. கரையில் நடக்கையில் வேல்சாமியின் கால்கள் தாமே பறவையின் அடியை எடுக்கத் தொடங்கும். உடனே அவர் இருந்த இடத்திலேயே அமர்ந்துவிடுவார். அன்பு பெரிதுதான், பிறர் துயரத்திற்கு முன் அதற்கும் கேட்டு நடக்கும் கடமை உண்டு. இறந்தவளின் பெயரை நானும் அறிவேன், படிப்பவரே. அவள் வீட்டார் இன்னும் எழுப்பவில்லையாதலால் இங்கே எழுதாமல் விடுகிறேன்.