வெறும் வயிற்றில் வராத நோய்

ஒரு வாய் விழுங்கினால் போதும், நெஞ்சு தறிகெட்டு ஓடுகிறது என்று அவள் சொன்னபோது ஆலை மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மனப்பதற்றம்" என்று எழுதிவிட்டார். பதினோரு வருடம் அறுபதடி உயரத்தில் உட்கார்ந்து இரும்புத் தகடுகளைக் கிரேனில் நகர்த்தியவளுக்குப் பதற்றமாம். நல்ல கூத்து.

கேன்டீனில் சாப்பிடும்போது ஒருநாள் கண் இருட்டி விழுந்தது வாஸ்தவம்தான். அதற்காகக் கிரேனிலிருந்து இறக்கி, கிடங்கில் சீட்டு ஒட்ட வைத்துவிட்டார்கள். இதயத்தில் கோளாறு என்றால் வைத்தியம் பார்த்துத் திரும்ப ஏறலாம். மனதில் கோளாறு என்று பதிந்துவிட்டால் ஆயுசுக்கும் சீட்டுதான் ஒட்ட வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று முறை ஈசிஜி எடுத்தார்கள். ரத்தமும் எடுக்கவேண்டும் என்று மூன்று முறையும் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். அவளும் பட்டினியாகப் போய்ப் படுத்தாள். கோடு சமர்த்தாக ஓடியது. சாப்பிட்டால் வரும் நோயைப் பட்டினி போட்டுத் தேடுகிறோமே என்று மூன்றாம் முறை வீடு திரும்பும்போதுதான் அவளுக்கே உறைத்தது. தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

நான்காம் முறை கைப்பைக்குள் ஒரு பன் இருந்தது. ஈசிஜி எடுப்பவர் நெஞ்சில் ஒயர்களை ஒட்டி முடித்ததும் அதை வெளியே எடுத்தாள்.

"அம்மா, இங்க சாப்பிடக் கூடாது. போர்டு பாக்கலையா?"

"பாத்தேன். நீங்க மெஷினைப் பாருங்க."

"கீழ சிந்தினா என்னைத்தான் திட்டுவாங்க."

"சிந்தாம தின்னுறேன்."

விழுங்கினாள். கோடு ஒரு கணம் தயங்கி, பிறகு நெருக்கியடித்துக்கொண்டு ஓடியது. அவர் ஒயர்களைத் தொட்டுப் பார்த்தார். அவள் இரண்டாவது வாய் கடித்தாள். மறுபடியும் அதே ஓட்டம். கண்ணோரம் மங்கியது. பயமாகத்தான் இருந்தது, ஆனாலும் மூன்றாவது துண்டைப் பிய்த்தாள்.

"போதும்மா, டாக்டரைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடுங்க. அந்தக் காகிதத்தை மட்டும் தொலைச்சிடாதீங்க."

இதய மருத்துவர் ஒரு பெண்மணி. உணவுக்குழாய் இதயத்தை உரசிக்கொண்டுதான் போகிறது, அபூர்வமாகச் சிலருக்கு விழுங்கும்போது இப்படி ஆகும் என்றார். சில வாரம் மாத்திரை தந்து பார்த்தார், நோய் அதற்குக் கட்டுப்படவில்லை. தொடை ரத்தநாளம் வழியாக மெல்லிய குழாயை விட்டு, இதயத்தில் தப்பாகத் துடிக்கும் இடத்தைச் சுட்டுவிடலாம் என்றார்.

"மயக்கம் தர மாட்டேன். நீங்க விழுங்கினாத்தான் இடம் தெரியும்."

"பன் கொண்டு வரட்டுமா?"

"எச்சில் போதும்மா," என்று அவர் சிரித்துவிட்டார்.

மேசையில் படுத்தபடி சொன்னபோதெல்லாம் விழுங்கினாள். தொண்டை வறண்டும் விடவில்லை. ஒருவழியாக இடம் அகப்பட்டது. சுட்டார்கள். மறுபடி விழுங்கச் சொன்னார்கள். கோடு சமர்த்தாகவே ஓடியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு மாதம் கழித்து ஆலை மருத்துவரின் மேசைமேல் சான்றிதழையும் பழைய ஈசிஜி காகிதத்தையும் வைத்தாள். அவர் புரட்டிப் பார்த்தார். "இருந்தாலும்…" என்று இழுத்தார்.

அவள் இடக்கையை அவர் முன்னால் நீட்டினாள். வலக்கையால் பையிலிருந்து பன்னை எடுத்தாள்.

"நாடியைப் பிடிங்க சார். நான் முடிக்கிற வரைக்கும் விடாதீங்க."

வாசலில் வரிசை நின்றது. அவள் அவசரப்படாமல் மென்றாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசித் துண்டும் இறங்கியது.

"எவ்வளவு?"

"எழுபத்தெட்டு," என்றார் மெதுவாக.

"பதற்றம்னு எழுதினீங்களே, அந்தப் பேனா இருக்கா?"