பட்டுச் சால்வைக்குக் கீழே

“விரல் உள்ள போச்சுது.”

“பஞ்சு வச்சிருப்பாங்கள், அம்மா. உடம்பு கெடாமல் எம்பாம் செய்தா அப்பிடித்தான்.”

“கழுத்திலயோ?”

சுபோதினி தண்ணீரைத் திறந்துவிட்டாள். அம்மா குளியலறைப் பேசினில் திரும்பவும் கைக்குச் சோப் போட்டாள். அப்பாவைக் கிடத்தியிருந்த மலர்ச்சாலையிலிருந்து வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து இருவரும் இன்னும் சேலைகூட மாற்றவில்லை. அங்கே அப்பா நாகேந்திரம் பெட்டிக்குள் வேட்டியோடும், கழுத்தைச் சுற்றிய பட்டுச் சால்வையோடும் கிடந்தார். நெற்றிக்கு, மார்புக்கு, தொண்டைக்கு என்று தினமும் திருநீறு பூசியவர். அம்மா நெற்றியிலும் மார்பிலும் பூசிவிட்டு, மகள் தடுக்கும் முன்னரே சால்வையை விலக்கினாள். தொண்டையில் விரல்களை வைத்து இழுத்தாள். தோல் நனைந்த பாண் துண்டைப் போல அமிழ்ந்தது. விரல் வெளியே வந்தபோது திருநீறு அதில் குழைந்திருந்தது.

பார்த்தது சுபோதினியின் வாய்க்குள் இன்னும் இருந்தது, திரைந்த பாலைப் போல.

அவள் குசினிக்குப் போய்ப் பிறிஜைத் திறந்தாள். செத்த வீட்டில் மீன் இருக்கக் கூடாதென்று மாமி காலையிலேயே சொல்லிவிட்டார். போன சனிக்கிழமை அப்பா பேரம் பேசி வாங்கிவந்த அறக்குளா மீன் துண்டுகள் பிறீசர் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. கரண்டிக் காம்பால் கிண்டினாள். பை கிழிந்து, ஓரத்தில் உருகிய சிவப்புத் தண்ணீர் புறங்கையால் வழிந்தது. துண்டுகளைக் கழுவுதொட்டியில் போட்டாள்.

மேசையில் போன் அடித்தது. ரொறன்ரோவிலிருந்து வந்துகொண்டிருக்கும் அண்ணன் கிஷாந்த், டோகாவில் விமானம் மாற நின்றான். கையெல்லாம் மீன் என்பதால் சுண்டுவிரலால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மாட்டச் சொல்லிட்டியோ?”

“இல்லை.”

“அப்பாவை மீன் மாதிரி ஐஸில போட்டிட்டு நிக்கிறாய். நல்ல பிள்ளை.”

“எதைப் போட்டது எண்டாவது கேளன் அண்ணா.”

“வேண்டாம். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்.”

அவன் வைத்துவிட்டான்.

முந்தநாள் மாரடைப்பில் அப்பா போனதும், அம்மாவை ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்த நேரத்தில், இளம் டொக்டர் ஒருவர் சுபோதினியைத் தனியாகக் கூப்பிட்டார். அப்பாவின் மூச்சுக்குழாயை இன்னொருவருக்குப் பொருத்தக் கேட்டார். கடுங்குளிரில் உறைய வைத்தால் அதன் உட்தோல் செத்துவிடுமாம். வேறொரு உடம்பு அன்னியன் என்று சண்டைக்கு வருவது அந்தத் தோலோடுதானாம். குருத்தெலும்பு மட்டும் மிஞ்சினால் ஏற்றுக்கொள்ளக்கூடுமாம். புதிய முறை, உறுதி சொல்ல முடியாது. ஹெந்தளையில் ஒரு பெண் கழுத்துத் துளையால் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள், காத்திருக்க அவளுக்கு நாளில்லை என்றார். “பெரிய மனசு உங்களுக்கு” என்றும் சொன்னார். சுபோதினி அப்போது நினைத்துக்கொண்டிருந்தது குளியலறைப் பேசினை. காலையில் அப்பா காறிக் காறி அதில்தான் துப்புவார். அவள் பல் விளக்கப் போகையில் ஓரத்தில் பச்சையாக ஏதாவது ஒட்டியிருக்கும். அந்தக் குழாயா, எடுங்கள் என்றுதான் கையெழுத்துப் போட்டாள்.

“எதைப் போட்டது?”

அம்மா குசினி வாசலில் நின்றாள். கைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

சுபோதினி சொன்னாள். டொக்டர் சொன்னதை, அந்தப் பெண்ணை, உறைய வைப்பதை. பேசினைச் சொல்லவில்லை. அம்மா முழுவதையும் மீனைப் பார்த்தபடியே கேட்டாள்.

“காறுவாரே. அதையோ?”

“ஓம்.”

“அந்தச் சத்தத்திலதானே நான் எழும்பிறனான்.”

கழுவுதொட்டியில் போட்ட மீன்துண்டு இளகிச் சரிந்தது. அதன் வாடை இப்போது குசினி முழுக்க நின்றது.

“தோல் செத்துப்போமோ?”

“உள்தோல். அப்பிடியெண்டாத்தான் அந்தப் பிள்ளையின்ர உடம்பு—”

“அவளுக்கு வேற ஆரின்ரயாவது கிடைக்கும். இவருக்கு வேற இல்லை.”

“கிடைக்காது, அம்மா.”

அம்மா மேசையில் கிடந்த போனை எடுத்தாள். மீன்தண்ணீர் பட்ட இடத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு மோந்து பார்த்து, இன்னொரு தடவை துடைத்து, மகளிடம் நீட்டினாள்.

“நாளைக்கு எரிக்கப் போறாங்கள். அதுக்கு முதல் அதைத் திருப்பித் தரச் சொல்லிக் கேள், பிள்ளை.”