அசையாத படலம்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவரைச் சல்லடை என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவளே அவரோடு வேலை செய்யும் அவள்தான். ஒரு நாள் தேநீர் இடைவேளையில், "அண்ணே, நீங்க செய்றது படலம் இல்ல, சல்லடை" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். சிரித்தவர்களில் அவரும் ஒருவர். பெயர் ஒட்டிக்கொண்டது.

இருவருக்கும் வேலை ஒன்றுதான். ஓர் அணுவின் தடிமனே உள்ள கார்பன் படலத்தில் நுண்ணிய துளைகள் இட்டு, கலந்து வரும் வாயுக்களிலிருந்து ஹைட்ரஜனை மட்டும் வடித்தெடுக்க வேண்டும். அவள் அதைக் கணினிக்குள் செய்து பார்ப்பவள். அவர் கையால் செய்பவர். உலைக்குள் செப்புத் தகட்டின்மேல் படலத்தை வளர்த்து, செம்பைக் கரைத்துவிட்டு, கண்ணுக்கே தெரியாமல் நீரில் மிதப்பதை மூச்சைப் பிடித்துக்கொண்டு அள்ளி எடுப்பார்.

அவளுடைய கணினிப் படலத்தில் ஹைட்ரஜன் பாய்ந்தது. அதைவிடப் பருத்த மீத்தேன் மருந்துக்குக்கூட நுழையவில்லை. அந்தக் கட்டுரையால்தான் அவளுக்குப் பேர் வந்தது. அவருடைய படலத்திலோ மீத்தேனும் சேர்ந்து வந்தது. மறுபடி செய்தார். மறுபடியும் வந்தது. இப்படியே இரண்டு வருஷம்.

"கை நடுங்குதோ என்னவோ" என்று விரல்களை விரித்துப் பார்த்துக்கொள்வார்.

போன வாரம், ஒரு கருத்தரங்கில் காட்டுவதற்காக அந்தக் கணக்கீட்டை அவள் காணொளியாக்கிக்கொண்டிருந்தாள். துளையைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. வாயு மூலக்கூறுகள் கொசுக்கூட்டம் போல முட்டி மோதுகின்றன. படலம் மட்டும் அசையவே இல்லை. அறை வெப்பத்தில் எந்த அணுவும் சும்மா இருக்காது. தொடக்கத்தில் வாயு ஒரு நிதானத்துக்கு வரட்டும் என்று படலத்தின் அணுக்களை ஒரு கட்டளையால் அவளே பூட்டி வைத்திருந்தாள். எல்லோரும் செய்வதுதான். பிறகு திறந்துவிட வேண்டும். அவள் திறக்கவில்லை.

கதவைத் தாளிட்டுக்கொண்டு, பூட்டை நீக்கி மீண்டும் ஓட்டினாள். துளையின் விளிம்பு நெளிந்தது. நெளிந்த அந்தக் கணத்தில் ஒரு மீத்தேன், பேருந்து நெரிசலில் தோளைச் சாய்த்து நுழைகிறவன் போல, அந்தப் பக்கம் போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. கடைசியில் வந்த அளவு, அவருடைய கருவி இத்தனை நாளும் காட்டிவந்த அளவுதான்.

உடனே சொல்லியிருக்கலாம். அவருடைய அறை தாழ்வாரத்தின் மறுகோடியில்தான். எழுந்து போனாள், பாதி வழியில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். இன்னொரு முறை சரிபார்த்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதையே சொல்லிக்கொண்டாள். சரிபார்க்க எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தே சொல்லிக்கொண்டாள். தாழ்வாரத்தில் அவர் எதிரே வந்தால், அடிக்காத கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டாள்.

இன்றைய கூட்டத்தில் ஆய்வுக்கூடத் தலைவர் சுற்றி வளைக்கவில்லை. "கணக்கு சொல்றது ஒண்ணு, கையில வர்றது ஒண்ணு. இப்படியே எத்தனை நாள் ஓட்டுறது?"

அவர் எழுந்தார். "கணக்குல தப்பு இருக்காது சார். தங்கச்சி பண்ணினா சுத்தமா இருக்கும். எனக்குத்தான் கை வரல."

"சல்லடைக்குக் கை எதுக்கு?" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவளுக்குக் காது சுட்டது. எழுந்து நின்றது பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "தப்பு என்னோடது சார். படலத்தைப் பூட்டிட்டுத் திறக்க மறந்துட்டேன். திறந்து பாத்தா, அண்ணன் எடுத்த அளவுதான் வருது."

"எப்பத் தெரிஞ்சுது?" என்றார் தலைவர்.

"இன்னைக்குக் காலையிலதான்."

"தெரிஞ்ச கையோட வந்து சொல்றதுக்கு ஒரு நெஞ்சு வேணும்மா" என்றார் தலைவர். யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து அவள் வெளியே வந்ததும் அவர் ஓட்டமும் நடையுமாக வந்து பிடித்தார். கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷமா என் கையையே நான் நம்பலம்மா. வீட்ல டம்ளரை எடுத்தாக்கூட, பாத்து, ஒழுகிடப் போகுதுன்னு உங்க அண்ணி கிண்டல் பண்ணுவா." சிரித்தார். "ஒரே ஒரு நாள் முந்தியிருக்கலாம். என்னை சிலிண்டர் கிடங்குக்கே மாத்திடுங்கன்னு நேத்து சாயங்காலம்தான் தலைவர்கிட்ட சொன்னேன். உலையை வேற ஆளுக்குக் கொடுத்தாச்சு. இப்பக் கேட்டேன், பிந்திட்டீங்களேங்கிறார். போகட்டும், என் நேரம். நீ என்ன பண்ணுவ?"

என் நேரம் என்று அவர் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கு இல்லண்ணே. போன வாரமே தெரியும்."

அவர் முகத்தில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் பாக்கியிருந்தது. "போன வாரம்னா?"

"வியாழக்கிழமை."

"வெள்ளிக்கிழமை உன் ரூமுக்கு வந்தேனே. கிடங்குக்குப் போயிடட்டுமான்னு உங்கிட்டதானே கேட்டேன்."

"ஆமாண்ணே."

"யோசிச்சுச் செய்யுங்கன்னு சொன்னியே."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் திட்டவில்லை.

"வா" என்றார்.

"எங்கண்ணே?"

"தலைவர் இன்னும் உள்ளதான் இருக்கார். இதையும் வந்து சொல்லு. நீ சொன்னாத்தான் நான் உலையைத் திருப்பிக் கேக்க முடியும்."

அவர் முன்னால் நடந்தார். வெளியே வந்துகொண்டிருந்த ஒருவர் அவள் தோளைத் தட்டி, "சபாஷ்" என்றார். அவள் அந்த ஆளைத் தாண்டி உள்ளே போனாள்.