தன் எண்ணைத் தேடிப் போன கார்

ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாத பழைய பந்தயக் கார் ஒன்று செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு டிங்கர் பட்டறையிலிருந்து தானாகக் கிளம்பி, தன் முந்தைய சொந்தக்காரரைத் தேடிப் போனது. சிவப்பு விளக்கில் நின்றது, திருப்பத்தில் ஒழுங்காக விளக்குப் போட்டது. அதனால் போக்குவரத்துக் காவலர் யாரும் தடுக்கவில்லை.

அந்தக் காரைச் செய்த தொழிற்சாலை பதின்மூன்றே கார்களோடு மூடப்பட்டது. பன்னிரண்டு எங்கே இருக்கின்றன என்பது ஊரறிந்த விஷயம். பதின்மூன்றாவது தன் கொட்டகையில் பளபளவென்று நிற்பதாகவும், எண் தகடும் காகிதமும் தன்னிடமே இருப்பதாகவும், பட்டறைக்காரி வைத்திருப்பது போலி என்றும் மேட்டு வீட்டுக்காரர் மனு கொடுத்திருந்தார். அவளுக்கோ அது ஒன்பது வருட உழைப்பு. பழைய இரும்புக்கடையில் எடைக்கு வாங்கியபோது அதில் ஒரு சட்டகம், ஒரு கதவு, பாதி மூக்கு தவிர வேறொன்றும் இல்லை. மிச்சத்தை எல்லாம் அவள் சுத்தியல்தான் பெற்றெடுத்தது. முதல் சொந்தக்காரர் வரை வரிசையாக நிரூபிக்கப் பதினைந்து நாள் கெடு, தவறினால் நசுக்கும் இயந்திரம் என்று பதிவு அலுவலகம் எழுதிவிட்டது. பதின்மூன்று நாள் செருப்புத் தேய அலைந்தாள். "கடல்ல கரைச்ச பெருங்காயம்மா அது, யார் கொண்டு வந்து போட்டாங்கன்னு எனக்கென்ன தெரியும்?" என்று இரும்புக்கடைக்காரர் கையை விரித்தார். பதினான்காம் நாள் கார் பொறுமை இழந்தது.

அவள் ஓடிப் போய் உள்ளே குதித்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தாள். அது இவளைச் சட்டையே செய்யவில்லை. பின்னாலேயே ஸ்கூட்டரில் நாத்தனார், நாத்தனாருக்குப் பின்னால், விசாரிக்கக் கோப்போடு வந்திருந்த வாகன ஆய்வாளர். முப்பத்தொரு வருட வேலையில் ஆய்வாளர் அதிசயங்களுக்கெல்லாம் அசந்தவரில்லை. படிவத்தில் கட்டங்கள் சின்னதாக இருப்பது ஒன்றுதான் அவர் குறை.

முதலில் ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில் நின்றது. நின்றதும் அதன் சாம்பல் பூச்சு சந்தன நிறமானது. டாக்டர் கையுறையோடு வெளியே வந்து அதன் மூக்கைத் தடவிக் கொடுத்தார். "இது நான் வித்த வண்டியேதான். என் மனைவியைப் பிரசவத்துக்கு இதுலதான் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேர் உக்கார்ற வண்டியில மூணு பேரா திரும்பி வந்தோம்." கையெழுத்துப் போட்டார். கார் அடுத்த தெருவுக்கு நகர்ந்தது.

அங்கே, டாக்டருக்கு முன் காரை வைத்திருந்த நீச்சல் ஆசிரியரின் வீடு இருந்த இடத்தில் எட்டு மாடி அலுவலகம் எழும்பியிருந்தது. நான்கு பேர் மட்டுமே ஏறக்கூடிய லிஃப்டில் கார் ஏறி, மூன்றாம் மாடியில் காப்பீட்டு நிறுவன மேசைகளுக்கு நடுவே நின்று சிவப்பானது. ஊழியர்கள் நாற்காலிகளை ஒதுக்கிக் கொடுத்தார்கள். இறந்து பதினோரு வருடமான நீச்சல் ஆசிரியர் ஈரத் தலையோடு வந்து, ஆமாம், தன் கார்தான் என்று சொல்லிக் கையெழுத்திட்டுப் போனார். ஆய்வாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் "காலமானவர்" என்று குறித்துவிட்டு, காகிதத்தில் சொட்டிய நீரைக் கைக்குட்டையால் ஒற்றினார்.

மறுநாள் கெடுவின் கடைசி நாள். கார் மேட்டை நோக்கித் திரும்பியதும் பட்டறைக்காரி பிரேக்கை ஓங்கி மிதித்தாள். ஒன்பது வருடம் ஊட்டி வளர்த்தது போயும் போயும் எதிரி வாசலுக்கா போக வேண்டும்? போனது. கம்பிக் கதவு முன் நின்று நீலமானது.

"பாத்தீங்களா சார், வண்டியே சொல்லுது யாரோடதுன்னு!" என்று மேட்டு வீட்டுக்காரர் குதித்தார்.

"அப்ப உங்க கொட்டகையில நிக்கிறது யாரோடதாம்?" என்றாள் நாத்தனார்.

அதற்குள் மாடியிலிருந்து அவருடைய அம்மா எட்டிப் பார்த்தார். "டேய், இது உங்கப்பா புதுசா வாங்கி மரத்துல மோதின வண்டியில்ல? அந்த நீலத்தை நான் மறப்பேனா? நம்பர் தகட்டை மட்டும் ஆசைக்குக் கழட்டி வெச்சுக்கிட்டு, வண்டியை அந்த நீச்சல்காரருக்கு வித்துட்டாரே! அந்தத் தகட்டையா நீ வேற வண்டியில ஒட்டி வெச்சிருக்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் முகம் வெளுத்தது. கார் கொட்டகைக்குள் நுழைந்து பளபளப்புக் காரின் எதிரே மூக்கோடு மூக்காக நின்றது. தகட்டின் நான்கு ஆணிகளும் ஒவ்வொன்றாகக் கழன்று தரையில் உருண்டன. பதின்மூன்றாம் எண் நிதானமாகக் காற்றில் கடந்து வந்து, அவள் தட்டி நிமிர்த்திய தகரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு மயிரிழை இடைவெளி இல்லை. எண்ணை இழந்த பளபளப்புக் கார் சற்று யோசித்துவிட்டு, தன் சொந்தக்காரரைத் தேடித் தானும் கிளம்பியது. மேட்டு வீட்டுக்காரர் ஒற்றைச் செருப்போடு பின்னால் ஓடினார். அவருக்கும் பதினைந்து நாள் கெடு உண்டு என்று ஆய்வாளர் உரக்கச் சொல்லிவிட்டு, பதிவுப் புத்தகத்தில் முத்திரை குத்திப் பட்டறைக்காரியிடம் நீட்டினார். சொந்தக்காரர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அவள் அழுதாள், சிரித்தாள், நாத்தனாரைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணி, கண்ணைத் துடைச்சிட்டு வண்டியை எடுங்க. பசி உயிர் போகுது."

மேட்டிலிருந்து இறங்கினால் பட்டறை வலப்பக்கம். அவள் வேண்டுமென்றே ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினாள். கார் மறுபேச்சில்லாமல் இடப்பக்கம் திரும்பியது.