பாலேஸ்வரி முதன்முதலாக ட்ரைஃபிள் செய்த பின்னேரம்

1

எனக்குக் கதை வேண்டியிருக்கவில்லை. செய்முறைதான் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ட்ரைஃபிள் நானே செய்கிறேன் என்று வீட்டில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். சம்பல் அரைப்பதைத் தவிர வேறெந்த வித்தையும் கைவராதவன் நான். நுகேகொடையில் எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஸமீமா தாத்தா இருக்கிறார். (எங்கள் நாட்டு முஸ்லிம்களிடம் தாத்தா என்றால் அக்கா. யாரும் மீசையைத் தேட வேண்டாம்.) மதிலுக்கு மேலால் அவரைக் கேட்டேன்.

கேக்கை வெட்டி அடுக்கு, அதன்மேல் ஜெலி, அதன்மேல் கஸ்டர்ட், பிறகு பழம், பிறகு கிரீம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பழத்துக்குத் திரும்பிப் போய், அன்னாசி மட்டும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். வெள்ளவத்தையில் தங்கள் வீட்டு மேல்மாடியில் ஒரு பெண் குடியிருந்தாள் என்று தொடங்கினார். அதற்குப் பிறகு செய்முறை வரவேயில்லை. இந்தக் கதைதான் வந்தது.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன். மறைப்பதற்கு என்ன இருக்கிறது, பாருங்கள்.

முதலாவது: 'தொண்ணூற்று மூன்றாம் ஆண்டின் ஒரு பிற்பகலில், யுத்தம் வடக்கே உறுமிக்கொண்டிருக்க, வெள்ளவத்தைக் கடல்—' விட்டுவிட்டேன். யுத்தம் உறுமட்டும், அதற்கு என் உதவி தேவையில்லை.

இரண்டாவது: 'அவளுடைய மனமும் அடுக்கடுக்காக—' இதை எழுதிய கைக்கு இரண்டு போட வேண்டும். ட்ரைஃபிளைக் கண்டதும் மனத்தை அடுக்கத் தோன்றுவது எழுத்தாளருக்கு உள்ள வியாதி. ஒவ்வொரு பகுதிக்கும் கேக், ஜெலி, கஸ்டர்ட் என்று தலைப்பு வைக்கவும் நினைத்திருந்தேன். வெறும் இலக்கம் போதும்.

மூன்றாவது: 'அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.'

இது நிற்கட்டும்.

3

அவன் தூங்கிக்கொண்டிருந்தான். மத்தியானம் வந்தவன் குளித்தான், சோற்றைப் பாதியில் வைத்தான், பாலேஸ்வரியின் கட்டிலில் சரிந்தான். அவ்வளவுதான். இருட்டில் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, வவுனியா வரைக்கும் எதில் எதிலோ ஏறி இறங்கி, ரயிலில் நின்றபடி கொழும்புக்கு வந்த உடம்பு அது. பெயர் சிவபாலன். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடைக்கு மனேஜர். பாலேஸ்வரி கொழும்பில் ஒரு கம்பனியில் டைப்பிஸ்ட். யுத்தத்தில் வடக்குப் பாதை பூட்டுப்பட்டபோது அவள் இந்தப் பக்கம் இருந்தாள், அவன் அந்தப் பக்கம். மூன்று வருடமாக அப்படியே நின்றுவிட்டார்கள்.

(பெயர்கள் நான் வைத்தவை. ஸமீமா தாத்தாவுக்கு அந்தப் பெண்ணின் பெயர் மறந்துபோயிற்று. 'மேல் வீட்டுப் புள்ள' என்றுதான் சொல்கிறார். பாலேஸ்வரி என்று நான் சொன்னதும், அதுவாகவும் இருக்கலாம் என்றார். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.)

அவள் கட்டிலருகே நின்று அவனைப் பார்த்தாள். கடற்காற்றில் திரை அவன் முகத்தின்மேல் வந்து வந்து போனது. மூடும்போது கலியாணத்தன்று பார்த்த முகம். விலகும்போது வேறு யாரோ ஒருவர், காதோரம் நரைத்த ஒருவர். கீழே தண்டவாளத்தில் கரையோர ரயில் போக, கட்டில் மெல்ல அதிர்ந்தது. அவன் எழும்பவில்லை. அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. எழும்பினால் கேட்க வேண்டும்.

எதை? அவள் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: திரும்பிப் போகாதீர்கள், என்னோடு இங்கேயே நில்லுங்கள்.

4

கேட்பதற்கு ட்ரைஃபிள் எதற்கு என்பீர்கள். கலியாணமான புதிதில் இருவரும் கல்கிசையில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்டார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் வந்ததைச் சிவபாலன் கரண்டியால் தட்டிப் பார்த்து, அஞ்சி அஞ்சி வாயில் வைத்து, இதுக்காகவே கொழும்பில இருக்கலாம் போல என்றானாம். ஊரை விட்டு அசையமாட்டேன் என்று சபதம் போட்டவன் வாயிலிருந்து வந்த ஒரே சாதகமான வசனம் அது. வக்கீல் சாட்சியைக் கூட்டிவருவதுபோல அவள் ட்ரைஃபிளைக் கொண்டுவரத் தீர்மானித்தாள். வாழ்க்கையில் முதல் தடவை.

அவளிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. கீழ்வீட்டு ஸமீமாவிடம் இருந்தது. அதனால் சமையல் கீழே நடந்தது, நோயாளி தூங்கும் வீடுபோல இருவரும் மெதுவாகக் கதைத்தபடி. ஒரு பெண்கள் சஞ்சிகையில் வந்த செய்முறை. கேக்கில் ஷெரி வைன் தெளிக்கவும் என்று இருந்தது. என் குசினிக்குள் அது வராது என்றார் ஸமீமா. அதற்குப் பதிலாக நெல்லிக் கிரஷ், நெல்லிச் சர்பத்துப் பாகு, தெளித்தார்கள். டின்னில் அடைத்த பழம் போடவும் என்று இருந்தது. அங்கேதான் பாலேஸ்வரி யாழ்ப்பாணத்துப் பெண்ணாகிவிட்டாள். எந்தக் காலத்திலோ செத்த பழத்தை மனுசன் சாப்பிடுவதா என்று கேட்டு, கடைத்தெருவில் நல்ல அன்னாசியாகப் பார்த்து வாங்கி, சின்னச் சின்னதாக வெட்டி, ஆறிய ஜெலிக்குள் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. கிண்ணத்தை எடுத்துச் சரித்துப் பார்த்தார்கள். சிவப்புத் தண்ணீர்.

[*இந்த இடத்தில் அடிக்குறிப்பு ஒன்று. இரண்டு பெண்களும் கரண்டைத் திட்டினார்கள். அந்தக் காலத்தில் எதற்கும் கரண்டைத் திட்டலாம். ஆனால் நேற்று என் வீட்டில் கரண்ட் ஒழுங்காக இருந்தது, ஃப்ரிட்ஜ் புத்தம்புதிது, வேகவைக்காத பச்சை அன்னாசி போட்ட ஜெலி இன்று காலையிலும் தண்ணீராகவே இருந்தது. பச்சை அன்னாசி ஜெலியை இறுகவிடாது. ஸமீமா தாத்தா எச்சரித்தும் ஏன் போட்டாய் என்கிறீர்களா? பார்க்காத ஒன்றை எழுதக்கூடாது என்று எனக்கொரு பிடிவாதம். மனைவி இன்னும் என்னோடு கதைக்கவில்லை.]

பாலேஸ்வரி குசினித் தரையில் குந்தியிருந்து அழுதாள். மூன்று வருடத்தில் அழாத பெண் ஒரு ஜெலிக்கு அழுததை ஸமீமா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அலுமாரியைத் திறந்து, நோன்புக்கு வாங்கி மிஞ்சிய கடப்பாசியில் ஒரு பிடி எடுத்தார். கடற்பாசியிலிருந்து செய்கிற, வெள்ளை நூல்போல இருக்கும் சாமான்.

"இதுக்கு ஐஸ் தேவல்ல புள்ள. சும்மா வெச்சாலே இறுகும்."

காய்ச்சி, சீனியும் ரோஸ் நிறமும் போட்டுத் தட்டில் ஊற்றினார்கள். யன்னலோரம் வைத்த தட்டில் சாய்ந்த வெயில் விழுந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஓரத்திலிருந்து ஒரு மங்கல் நடுவை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்தது, ஆடிய ரோஸ் நிற வெளிச்சம் ஆடாமல் நின்றது. அதைச் சொல்லும்போது ஸமீமா தாத்தாவின் குரல் தணிந்துவிட்டது. அவ்வளவு அழகான ஒன்றைத் தான் பிறகு பார்க்கவில்லை என்றார். நான் நம்புகிறேன்.

5

ஒரு சந்தேகம். இதைத் தீர்க்காமல் மேலே போக முடியாது.

திரும்பிப் போகாதே என்று கேட்பவளுக்குப் பிணை நினைவில்லையா? அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர, அங்கே ஆண்ட இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்கு ஓர் ஆள் பிணை நிற்க வேண்டும். போனவர் குறித்த நாளில் திரும்பாவிட்டால் நின்றவர் பதில் சொல்ல வேண்டும். எப்படிப் பதில் சொல்வது என்று யாரும் விளக்கம் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாலேஸ்வரிக்கும் தெரியும். அப்படியென்றால் இவள் நல்லவளா?

இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். அவளை நல்லவளாக்க ஒரு பந்தி எழுதி, கிழித்தேன். பிறகு அவளை அவள் பாட்டுக்கு விட்டேன். அவள் நினைத்தது இதுதான்: பிணை நின்றவர் கடைக் கமிட்டியில் யாரோ ஒரு பெரிய மனிதராக இருப்பார், ஆள் அம்பு உள்ளவர், எப்படியும் சமாளித்துக்கொள்வார். முகம் தெரியாத ஒருவர். முகம் தெரியாதவரின் தலையில் நாம் எல்லோரும் எதையாவது வைத்துவிட்டுத்தான் நிம்மதியாகச் சாப்பிடுகிறோம். இதில் அவளை மட்டும் பிடித்து நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

6

பின்னேரம். கரண்ட் இன்னும் வரவில்லை. மேல்மாடி அறையில் ஒரு மெழுகுதிரி, யன்னலில் மிச்ச வெளிச்சம். மேசையில் கண்ணாடிக் கிண்ணம்: அடியில் நெல்லி ஊறிய கேக், மேலே துண்டு துண்டாக வெட்டிய ரோஸ் கடப்பாசி, அதன்மேல் கஸ்டர்ட், வறுத்த கஜுப் பருப்பு. கொஞ்சம் சரிந்துதான் இருந்தது. முதல் தடவை செய்தால் சரியத்தான் செய்யும். ஸமீமா படிக்கட்டில் நின்றார். தன்னுடைய கடப்பாசி எடுபடுகிறதா என்று பார்க்க வந்தவர், போக மனமில்லாமல் நின்றுவிட்டார். (அவர் நின்றதால்தான் நமக்குக் கதை.)

சிவபாலன் எழும்பி வந்து இருந்தான். கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தான். இது எங்கே வாங்கியது என்று கேட்டான். தான் செய்தது என்று அவள் சொன்னதும், நாகரிகமாக மேலால் கொஞ்சம் கஸ்டர்ட் மட்டும் எடுத்தான். அடிவரைக்கும் அள்ளினால்தான் எல்லாம் வரும் என்று அவள் கரண்டியை வாங்கி அள்ளி வைத்தாள். அவன் சாப்பிட்டான். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டான். இன்னும் கேட்டான். அந்தக் கொஞ்ச நேரம் அறைக்குள் பாதையும் இல்லை, கடலும் இல்லை, மூன்று வருடமும் இல்லை.

அவள் அப்போதுதான் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ. இனிப் போகாதேங்கோ. இஞ்சயே நில்லுங்கோ."

அவன் கரண்டியை வைத்தான். வைத்த சத்தம் படிக்கட்டுக்குக் கேட்டது.

"பிணைக்கு நிண்டது ஆர் தெரியுமே?"

தெரியாது என்று அவள் தலையாட்டினாள்.

"உம்மட தம்பி. அத்தானுக்கு நான் நிக்கிறன், அக்காவைப் பாத்திட்டு வாங்கோ எண்டு அவனே வந்து கையெழுத்து வைச்சவன்."

தம்பிக்கு ஒரு பெயர் வேண்டும். தில்லைநாதன். வயது பத்தொன்பது. பாலேஸ்வரிக்கு இருக்கும் ஒரே சகோதரம்.

ஸமீமா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் இறங்கிவிட்டார். அடுத்த நாள் மாளிகாவத்தையில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து அங்கே போனவர், நாற்பது நாள் கழித்து வந்தபோது மேல்மாடியில் வேறு குடும்பம் இருந்தது. அவர்கள் எங்கே என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

7

முடிவுகள். மூன்றையும் எழுதப் பார்த்தேன்.

அவன் நின்றுவிடுகிறான். பாலேஸ்வரி காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறாள், பின்னேரம் இருவரும் கடற்கரையில் கடலை வாங்கித் தின்கிறார்கள். அழகாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் தில்லைநாதன் வந்து நின்றான். குறித்த நாளன்று வாசலில் நின்று அத்தான் வருகிறாரா என்று பார்த்தான். அதற்கு அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை.

அவன் போய்விடுகிறான். வாசகர்கள் தியாகம் என்பார்கள். எனக்குத் தியாகம் அலுத்துவிட்டது. அதோடு அவன் ஏறுவது இரவுப் படகு, அந்தக் கடலில் கடற்படையினர் சுட்டார்கள். பத்திரமாகக் கரைசேர்ந்தான் என்று நான் ஒரு வரி எழுதிவிட்டால் போதுமா? எழுதினேன். என்னாலேயே நம்ப முடியவில்லை.

இருவருமாகப் போகிறார்கள். இது ஸமீமா தாத்தாவின் விருப்பம். "ஒண்டா ஈந்தா போதுமே" என்றார். ஒன்றாக இருந்தால் போதுமாம். அவர்களை ஒரே படகில் ஏற்றுவதற்கு என் விரல் பயந்தது.

8

ஆகவே நான் திரும்ப அறைக்கே வருகிறேன். மெழுகுதிரி பாதி எரிந்திருக்கிறது. யன்னலுக்கு வெளியே கடல் எது, வானம் எது என்று பிரிக்க முடியாத நிறம். அவன் சொல்லி முடித்துவிட்டான். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த ஆசை ஒரு பக்கம், இடுப்பில் தூக்கித் திரிந்த தம்பி ஒரு பக்கம். அவளுடைய உதடு மெல்லப் பிரிகிறது.

இங்கே நிறுத்துகிறேன். கதை எழுதத் தெரியாமல் இல்லை. நில்லுங்கோ என்று அவள் இன்னொரு தடவை சொன்னால் தம்பி போய்விடுவான். போங்கோ என்றால் புருஷன் போய்விடுவான். அவள் வாய் திறக்கும்வரைக்கும் மூன்று பேரும் இருக்கிறார்கள். நான் எழுதாமல் விடும் ஒவ்வொரு வரியிலும் மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்றால் அவளை நீங்களே கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒரு தடவை அவள் முகத்தைப் பாருங்கள். என்னால் முடியவில்லை.